ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஃப்ளூ ஊசி

எனக்குச் சுகர் வந்து பன்னிரண்டு ஆண்டு ஆகிறது. கண் பரிசோதனை, கால் பரிசோதனை, மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று எதையும் தவறவிட்டதில்லை. ஆனால் கொரோனா காலத்தைத் தவிர, தடுப்பூசி என்றாலே அது பிள்ளைகளுக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, குண்டு உப்பலவாடியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. குடும்பத்தோடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு அறையில் ஒன்பது பேர். முதலில் நாத்தனார் பேரனுக்கு இருமல். பிறகு ஒவ்வொருவராகப் படுத்தார்கள். மற்றவர்கள் நாலு நாளில் எழுந்துவிட்டார்கள். நான் எழவில்லை.

அந்தக் காய்ச்சலில் நான் செய்த தவறைச் சொல்லியே ஆக வேண்டும். வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. சாப்பிடாமல் மாத்திரை போட்டால் சுகர் இறங்கி மயக்கம் வந்துவிடும் என்று பயந்து, சுகர் மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். நிலவேம்புக் கசாயமும் கஞ்சித் தண்ணீரும்தான். சுகரைக் குத்திப் பார்க்கவும் இல்லை. நான்காம் நாள் மூச்சு வாங்கவே, மகன் ஆட்டோ வைத்து மருத்துவமனைக்கு அழைத்துப்போனான். அங்கே பார்த்தபோது சுகர் 384. நுரையீரலில் நிமோனியா தொடங்கியிருந்தது. ஐந்து நாள் படுக்கையில் இருந்தேன். வந்தது ஃப்ளூ காய்ச்சலாம். அந்தக் கிருமிக்கான மாத்திரை உண்டாம், ஆனால் காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நன்றாகக் கேட்குமாம். நான் போனதே நாலாம் நாள்.

"சாப்பிடாட்டியும் சுகர் ஏறும்மா. காய்ச்சல்ல உடம்பு சுரக்கிற ஹார்மோனே அதை ஏத்தும்" என்றார் டாக்டர். வாந்தி பேதி இருந்தால் சில மாத்திரைகளை நிறுத்த வேண்டியிருக்கும், ஆனால் எதை நிறுத்துவது எதைத் தொடர்வது என்று போன் செய்தாவது கேட்க வேண்டும், இன்சுலின் போடுகிறவர்கள் அதைத் தானாக நிறுத்தவே கூடாது என்று விளக்கினார். அப்போதுதான் அந்தக் கேள்வியையும் கேட்டார்: "ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போடுறீங்களா?" அதுவரை இத்தனை ஆண்டில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அன்றிலிருந்து இரவில் இன்சுலினும் சேர்ந்துகொண்டது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டு கடைசியில் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது நானே பேச்சை எடுத்தேன். எப்போது போட வேண்டும் என்பதில்தான் எனக்குக் குழப்பம். ஒருவர் ஏப்ரல் மே என்கிறார், இன்னொருவர் குளிர்காலத்துக்கு முன் என்கிறார். டாக்டர் சொன்ன விளக்கம் எனக்கு நன்றாகப் பிடித்தது. இந்தியா முழுதும் ஃப்ளூ ஒரே நேரத்தில் ஏறுவதில்லை. வடக்கே பல ஊர்களில் ஜூலை, ஆகஸ்டு மழையோடு ஏறும். ஸ்ரீநகரில் கடுங்குளிரில். நம் சென்னை, வேலூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு. ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே ஐப்பசி மழை பிடிப்பதற்குள், புரட்டாசியிலேயே போட்டுவிடுவது கடலூருக்குப் பொருந்தும். சென்ற முறை ஹெச்பிஏ1சி 8.6 வந்திருந்ததால், அதைக் குறைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "சுகர் குறையட்டும்னு காத்திருந்தா மழை வந்துடும்மா. சுகர் ஏறியிருக்கிறவங்களுக்குத்தான் இது முதல்ல வேணும்" என்றார். கடும் காய்ச்சல் இருந்தால்தான் தள்ளிப்போட வேண்டுமாம்.

சீட்டை வாங்கிக்கொண்டு, மாதாமாதம் மாத்திரை வாங்கும் நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த சிஸ்டர் தன்மையாகவே பேசினார். அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசிப் பட்டியலில் ஃப்ளூ ஊசி இல்லை, வெளியில்தான் வாங்க வேண்டும் என்றார். மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டு வாசலுக்கே சுகர் மாத்திரை கொண்டுவந்து தரும் மாநிலம் இது. சுகர்க்காரர்களுக்கு ஆண்டுக்கு ஓர் ஊசியும் அதே பையில் வரும் நாள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கிட்டத்தட்ட இரண்டாயிரம் ரூபாய் எல்லோர் கையிலும் இருக்காது.

பிறகு மெடிக்கல் மெடிக்கலாக அலைச்சல். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடையில் இருந்தது. பையன் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, சாதாரணக் கேரிபேக்கில் போட்டு நீட்டினான். "வீட்டு ஃபிரிட்ஜ்ல வைங்க அக்கா, நாளைக்குக் கூட போட்டுக்கலாம்." நான் இன்சுலின் வாங்குகிறவள், ஐஸ் பேக் இல்லாமல் வாங்க மாட்டேன். இந்த ஊசியும் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். சூடு பட்டாலும் கெடும், உறைந்துபோனாலும் வீண். பெட்டியைக் கையில் வாங்கியபோது அதன் ஓரத்தில் ஐஸ் பொடி ஒட்டியிருந்தது. உறைபெட்டிக்கு ஒட்டினாற்போல் வைத்திருந்தார்கள் போல. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவனுக்குக் கோபம்தான். ஆனால் கெட்டுப்போன மருந்தைப் போட்டுக்கொண்டு பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பது, போடாமல் இருப்பதைவிட மோசம்.

வாங்கிக்கொண்டு போய் வேறெங்கோ போடுவதை விட்டுவிட்டு, ஊசியை வைத்திருந்து அவர்களே போடும் இடத்தைத் தேடினேன். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் பெரியவர்களுக்கும் தடுப்பூசி போடுகிறார்கள் என்று தெரிந்தது. போனில் கேட்டேன்: இந்த சீசனுக்கு உரியதா, எப்படி வைத்திருக்கிறீர்கள், மொத்தம் எவ்வளவு. தினமும் இரண்டு வேளை ஃபிரிட்ஜின் டிகிரியைக் குறித்து வைப்பதாகச் சொன்னார்கள். அது போதும் எனக்கு. சீசனை ஏன் கேட்க வேண்டும் என்றால், இந்தக் கிருமி உருமாறிக்கொண்டே இருக்கிறது. எந்தெந்த வகைகளை ஊசியில் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் அறிவிக்கிறது. பெட்டியிலேயே ஆண்டு அச்சாகியிருக்கும்.

இதற்கிடையில் நாத்தனார் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். ஃப்ளூ ஊசி மருந்தை முட்டையில் வளர்க்கிறார்களாமே, புரட்டாசியில் போடலாமா என்று. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கச் சைவம். சனிக்கிழமை தவறாமல் திருவந்திபுரம் போவோம். அவர் கேட்டதில் தப்பில்லை. விசாரித்தேன். கிருமியைக் கோழி முட்டையில் வளர்த்து, செயலிழக்கச் செய்து, சுத்திகரித்துத்தான் பெரும்பாலான ஃப்ளூ ஊசிகள் தயாராகின்றன. முட்டையின் சுவடு கொஞ்சம் இருக்கலாம். முதல் சனிக்கிழமை தேவநாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து யோசித்தேன். மருந்தை நான் உணவாக நினைக்கவில்லை. மனதுக்கு ஒப்பாதவர்கள் ஆவணியிலேயே போட்டுக்கொள்ளலாம். மழைக்கு முன் போட்டால் சரி.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல இட்லி சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. பஸ் கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டி முதலியார்பேட்டையில் இறங்க ஒரு மணி நேரம். அங்கே டாக்டர் காய்ச்சல் பார்த்தார். முன்பு எந்தத் தடுப்பூசிக்காவது கடுமையான அலர்ஜி வந்ததா, கை கால் செயலிழக்கும் நரம்பு நோய் எதுவும் வந்ததா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். எனக்கு எதுவும் இல்லை. நாலு வகைக் கிருமிக்கான ஊசிதான் நல்லது என்று கடையில் சொன்னதைக் கேட்டேன். அந்த நாலாவது வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் பரவியதாகத் தெரியவில்லை, அதனால் மூன்று வகை உள்ளதே போதும் என்றார்.

சிஸ்டர் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஆண்டையும் காலாவதித் தேதியையும் எனக்குக் காட்டினார். நான் கேட்காமலே காட்டினார், அதற்காக அவரை எப்போதும் நினைத்துக்கொள்வேன். அரை மில்லி மருந்து. இன்சுலினை வயிற்றில் தோலுக்கடியில் போட்டுப் பழகிய எனக்கு, தோள் சதைக்குள் இறங்கும் ஊசி கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் எண்ணி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. அரை மணி நேரம் உட்காரவைத்து அனுப்பினார்கள். நிமோனியாவுக்குத் தனி ஊசி உண்டு, அது ஆண்டுதோறும் தேவைப்படாது, அதே நாளில் மறு கையில்கூடப் போடலாம் என்றார்கள். அது விலை அதிகம். பொங்கலுக்குப் பிறகு என்று தள்ளிவைத்து, பிப்ரவரியில் போட்டுக்கொண்டேன்.

அன்றிரவு தோள் வலித்தது. மறுநாள் லேசாக உடம்பு கணகணத்தது, ஒரு பாரசிட்டமால் போட்டேன். காலையில் வெறும் வயிற்றில் 130 அளவில் இருக்கும் சுகர் இரண்டு நாள் 160ஐத் தொட்டு, மூன்றாம் நாள் இறங்கிவிட்டது. ஊசியால் ஃப்ளூ வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். செயலிழந்த கிருமி ஃப்ளூவைக் கொடுக்காது. உடம்பு அதை அடையாளம் கண்டு தயாராவதால் வரும் சூடுதான் அது.

கார்த்திகையில் எனக்குச் சளி பிடித்தது, மறைக்கவில்லை. "ரெண்டாயிரம் செலவு பண்ணியும் சளி பிடிச்சுதே அண்ணி" என்றார் நாத்தனார். ஃப்ளூ அல்லாத எத்தனையோ கிருமிகள் சளியைக் கொடுக்கும், அவற்றுக்கு இந்த ஊசி இல்லை. ஃப்ளூவே வந்தாலும் வரலாம், ஆனால் ஆஸ்பத்திரிவரை கொண்டுபோகும் வாய்ப்பைக் குறைக்கும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். இந்த முறை முதல் நாளே சுகரைக் குத்திப் பார்த்தேன், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதி வைத்தேன், மாத்திரையை நிறுத்தவில்லை. 200ஐத் தாண்டவில்லை. மூன்று நாளில் மிளகு ரசமும் சோறுமாகச் சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.

நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் அண்ணனுக்கும் சுகர், வயது அறுபத்தெட்டு. போன மாதம் வந்திருந்தபோது என் ஊசி அட்டையை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். தினசரி காலண்டரில் ஆவணி கடைசி வாரத் தாளில் அவர் பேரையும் என் பேரையும் எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை போனில் விசாரிப்பதை அண்ணனே செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.