வழியில் கிடந்த கொப்பு

8 ஜூன் 2024, சனிக்கிழமை

காலை ஐந்தரை மணிக்குச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தின் கடைசி நிரையைத் தாண்டி, செம்மண் சாலை முடிந்து காடு தொடங்கும் இடத்துக்குப் பன்றி வேட்டைக்காக மச்சானும் நானும் போய்ச் சேர்ந்தபோது, அங்கே ஏற்கெனவே ஒரு ஹைலக்ஸ் வண்டி நின்றிருந்தது. பின்பக்கம் நாய்க்கூண்டு திறந்து கிடந்தது. இஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு முழுக்க ஆறியிருந்தது. வந்தவர்கள் பள்ளத்துக்குள் இறங்கி நெடுநேரம் ஆகியிருக்க வேண்டும். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் பட்டணத்திலிருந்து இருட்டில் அவ்வளவு தூரம் வந்தும், வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "அரசாங்கக் காடுதானே மாப்பிள்ளை, அவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பன்றி சுடுவதற்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் கொடுத்த உரிமம், வனக்காப்பகத்துக்குள் நுழைவதற்கு வனத்துறை கொடுத்த அனுமதி, மச்சான் பெயரில் உள்ள துப்பாக்கி உரிமம் ஆகிய மூன்றும் எங்கள் பையில் இருந்தன. ஹைலக்ஸ்காரர்களிடமும் அவை இருந்திருக்கும். ஆனால், ஒரே பள்ளத்தில் இரண்டு கூட்டம் இறங்க வந்தால் யார் ஒதுங்குவது என்பதைப் பற்றி அந்த மூன்று காகிதங்களிலும் ஒரு வரிகூடக் கிடையாது.

9 ஜூன், ஞாயிற்றுக்கிழமை

நேற்றுத் திரும்பி வந்தது என் நல்ல குணத்தால் அன்று, பெரியப்பாவிடம் வளர்ந்த பழக்கத்தால். அவர் தோட்டத்தில் மண்டோராக (கங்காணியாக) இருந்தவர். ஈட்டியும் நான்கு நாய்களும்தான் அவருடைய வேட்டைச் சாமான். காட்டுக்குள் இறங்குவதற்கு முன் முனியாண்டி கல்லில் சூடம் ஏற்றுவார். பிறகு இலையுள்ள ஒரு கொப்பை ஒடித்து, தாம் போகும் திசைக்கு நுனி இருக்கும்படி வழியின் குறுக்கே போடுவார். பின்னால் வருபவர் அதைப் பார்த்தால் வேறு பள்ளத்துக்குப் போய்விடுவார். இலை வாடியிருந்தால் அது பழைய கொப்பு என்று தெரிந்துவிடும். வேட்டை முடிந்ததும் கொப்பை எடுத்து ஓரமாக எறிந்துவிட வேண்டும் என்பதில்தான் பெரியப்பா மிகவும் கண்டிப்பாக இருந்தார். எடுக்காமல் போனால், யாருமே இல்லாத காட்டைப் பூட்டி வைத்தது போலாகிவிடும் என்பார்.

நடுவில் இந்த வழக்கம் எங்கள் பக்கத்தில் மறைந்துபோனதற்குப் பன்றிப் பெருக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் மாவட்டத்தை ஒட்டிய பாசோ காட்டில் 1996ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 47 பன்றிகள் இருந்தன. புலி இல்லை, சுற்றிலும் செம்பனை இருப்பதால் உதிரிப் பழத்துக்கு ஆண்டு முழுவதும் பஞ்சமில்லை. எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் பன்றி கிடைக்கும் என்றிருந்த காலத்தில் யாரும் யாருக்கும் வழிவிடத் தேவையில்லாமல் இருந்தது. 2021 டிசம்பரில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தீபகற்ப மலேசியாவுக்குள் வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் போகும் பள்ளங்களில் தடம் காண்பதே அரிதாகிவிட்டது. தடம் உள்ள இரண்டு மூன்று இடங்களுக்கே எல்லாரும் வந்து சேர்கிறோம்.

15 ஜூன், சனிக்கிழமை

இன்று நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

இந்த முறை வாயிலில் வண்டி ஏதும் இல்லாததால் இறங்கினோம். ஆனால் அதே ஹைலக்ஸ் கூட்டம் மேட்டின் மறுபக்கத்திலிருந்து இறங்கியிருந்தது எங்களுக்குத் தெரியாது. ஏழு மணி அளவில் நாய்களின் குரல் கேட்டது. முதலில் விரட்டும் குரல், பிறகு ஒரே இடத்தில் நின்று விடாமல் குரைக்கும் குரல். பன்றியை அவை மடக்கிவிட்டன என்பது அந்தக் குரலிலேயே தெரியும். அப்போதே நாங்கள் நின்றிருக்க வேண்டும். நான் நிற்கவில்லை, மச்சானையும் நிறுத்தவில்லை.

ஓடைக்கரையில், விழுந்த மரத்தின் வேருக்குள் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு ஆண் பன்றி நின்றது. அதைச் சுற்றி ஏழு நாய்கள். கழுத்தில் எல்லாவற்றுக்கும் ஆரஞ்சு நிறப் பட்டை. பன்றி ஓர் எட்டு முன்னால் பாய்ந்து, பக்கவாட்டில் திரும்பிய நொடியில் மச்சான் சுட்டார். பன்றி விழுந்தது. அதற்கும் அருகில் நின்ற நாய்க்கும் இடையே இரண்டு முழம்கூட இருக்காது. தோட்டாவிலிருந்து ரவை எப்படி விரிந்து போகும் என்பது துப்பாக்கி வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்ததுதான்.

சற்று நேரத்தில் புதரை விலக்கிக்கொண்டு அறுபதைத் தாண்டிய சீனப் பெரியவர் ஒருவரும் இரண்டு இளைஞர்களும் வந்தார்கள். இளைஞர்கள் மலாயில் சத்தம் போட்டார்கள். பெரியவர் பன்றியையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. விரலை நீட்டி நாய்களை எண்ணினார். ஏழு வந்ததும் மீண்டும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு ஒவ்வொன்றாக அழைத்து, விலாவிலும் தொடையிலும் கையால் தடவி, உள்ளங்கையைத் திருப்பி இரத்தம் இருக்கிறதா என்று பார்த்தார். ஐந்தாவது நாய்க்குத் தோளில் ஒரு கிழிசல் இருந்தது. அது ரவை பட்டதல்ல, பன்றியின் கோரைப்பல் கீறியது என்று அவரே சொன்னார். சட்டைப்பையிலிருந்து வளைந்த ஊசியையும் தூண்டில் நரம்பையும் எடுத்து, நாயின் தலையை முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு நான்கு தையல் போட்டார். அந்த நேரம் முழுவதும் மச்சானின் கையில் இருந்த துப்பாக்கி மடக்கித் திறந்தபடியே இருந்தது; அவர் வாயைத் திறக்கவில்லை.

பன்றி யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மடக்கியது யாருடைய நாய்களோ அவர்களுடையது. கடைசியில் சுட்டவன் வெறும் கையாள். பெரியவரை அங்கிள் என்று அழைத்து மன்னிப்புக் கேட்டு, பன்றி அவர்களுடையது என்று சொன்னேன். தூக்க உதவினோம். குடலைக் காட்டில் எறியாமல் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். காலணிகளையும் ஓடையில் கழுவ வைத்தார். காய்ச்சல் மனிதரைத் தொற்றாது என்றாலும், இறைச்சியோடும் சேற்றோடும் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகக்கூடியது. வேண்டாம் என்று சொல்லியும் ஒரு பின்னந்தொடையை எங்கள் வண்டியில் வைத்துவிட்டார். மலாய் முஸ்லிம்கள் வாழும் கம்போங்கை (கிராமத்தை) கடந்து போக வேண்டியிருந்ததால், இரண்டு வண்டிகளிலும் கித்தானை இரண்டு மடிப்பாகப் போட்டு மூடிக் கட்டிய பிறகே புறப்பட்டோம்.

17 ஜூன், திங்கட்கிழமை

ஹஜ்ஜுப் பெருநாள். அடுத்த வீட்டு மலாய்க்கார மக்சிக் (அத்தை) ரெண்டாங் இறைச்சிக் கறி கொடுத்தனுப்பினார். சனிக்கிழமை கொண்டுவந்த தொடை இன்னும் மச்சான் வீட்டுக் குளிர்பெட்டியில்தான் இருக்கிறது. இந்த வாரம் அதைச் சமைக்க வேண்டாம், வாடை சன்னல் வழியாகப் போகும் என்று அக்காவே சொல்லிவிட்டார்.

22 ஜூன், சனிக்கிழமை

டுரியான் விழும் பருவம். துப்பாக்கியில்லாமல் தடம் பார்க்க மட்டும் கிழக்குப் பள்ளத்துக்குப் போனோம். அங்கே பழைய டுரியான் மரங்களுக்குக் கீழே தெமுவான் என்ற பூர்வக்குடியைச் சேர்ந்த குடும்பம் ஒன்று பொண்டோக் (குடிசை) போட்டு, பழம் விழக் காத்திருந்தது. குழந்தைகள் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு புதருக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். விழுந்த பழத்துக்குப் பன்றியும் வரும், பன்றிக்கு நாமும் வருவோம் என்பதுதான் இந்தப் பருவத்தின் ஆபத்து. அரையிருட்டில் அசையும் புதரையும் மினுங்கும் புள்ளியையும் பார்த்துச் சுட்டால், விழுவது எது என்று சொல்ல முடியாது. தோட்டத்துப் பக்கமும் அப்படித்தான். செம்பனைப் பழம் வெட்டுபவர்கள் விடிவதற்கு முன்பே நிரைக்குள் இறங்கிவிடுகிறார்கள்.

2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பூர்வக்குடியினர் தங்கள் உணவுக்காகப் பன்றி உள்ளிட்ட சில விலங்குகளை வேட்டையாட இடம் தருகிறது, விற்கத்தான் கூடாது. நமக்குப் பொழுதுபோக்காக இருப்பது அவர்களுக்குச் சாப்பாடு. பழம் விழுந்து முடியும்வரை அந்தப் பள்ளத்துக்கு வருவதில்லை என்று அந்த வீட்டுப் பெரியவரிடம் சொல்லிவிட்டு வந்தோம். இரண்டு பழம் கொடுத்தார்.

30 ஜூன், ஞாயிற்றுக்கிழமை

பட்டணத்துக் கோப்பிக் கடையில் அங்கிளைப் பார்த்தோம். நாய்க்குத் தையல் பிரித்தாகிவிட்டதாம். மருந்துச் செலவுக்கு மச்சான் ஐம்பது ரிங்கிட்டை நீட்டினார், அவர் வாங்கவில்லை. மேட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், முதல் நாள் இரவே தொலைபேசியில் சொல்லிக்கொள்வது என்று பேசி முடித்தோம். வேறு கூட்டங்கள் வந்தால் என்ன செய்வது என்று மச்சான் கேட்டபோது நான் கொப்புக் கதையைச் சொன்னேன். தம் அப்பாவும் கொப்புத்தான் போடுவார், ஆனால் நுனியை வந்த திசைக்கு வைப்பார் என்றார் அங்கிள். அப்படியானால் அந்தக் காலத்தில் பெரியப்பாவும் அவர் அப்பாவும் எத்தனை முறை ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு ஒரே பள்ளத்துக்குள் போயிருப்பார்களோ! நுனி போகும் திசைக்கே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

6 ஜூலை, சனிக்கிழமை

இன்று முதலில் வந்தவர்கள் நாங்கள். கொப்பு போட்டுவிட்டு இறங்கினோம். பத்து மணிவரை சுற்றியும் பழைய தடம் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது கொப்புக்கு முன்னால், ஈரச் செம்மண்ணில், எங்களுடையதல்லாத வண்டி ஒன்று வந்து திரும்பிப் போன டயர்த் தடம் வளைவாகத் தெரிந்தது. யார் என்று தெரியவில்லை. அங்கிளின் ஹைலக்ஸ் டயர் இதைவிட அகலம்.

தார்ச் சாலையை எட்டிய பிறகுதான், கொப்பை எடுக்காமல் வந்துவிட்டது நினைவுக்கு வந்தது. "அடுத்த வாரம் எடுத்துக்கலாம் மச்சான்" என்றேன், எனக்குப் பசி. அவர் பதில் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார்.