இரவு ஒன்பது மணி வகுப்பு

ஜூலை 1, 2025, செவ்வாய்

பனியன் கம்பெனிக்காரர்களுக்கான காஸ்டிங் ஷீட் (ஒரு பீசுக்கு என்ன செலவு என்று ஸ்ப்ரெட்ஷீட்டில் கணக்குப் போடுவது) வகுப்பு, புது பேட்ச், கூகுள் மீட்டில். ஒன்பது மணிக்கு முன்னால் வைத்துப் பிரயோஜனமில்லை. ஒன்றரை ஷிப்ட் முடிந்து வண்டியைத் தட்டி வீடு சேரவே அந்நேரம் ஆகிவிடும்.

படிப்பு, அனுபவம் எதையும் விசாரிக்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டேன்: "இது தெரிஞ்சா நாளைக்குக் கம்பெனியில உங்களுக்கு எந்த வேலை சுலபமாகும்?"

அனுப்பர்பாளையம் அண்ணன், மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார். "பார்ட்டி ரேட்டு கேட்டா மச்சானுக்குப் போன் போட்டுத்தானுங்க சொல்றேன். அது நிக்கோணும்." ஊத்துக்குளி அக்கா செக்கிங்கில் சேர்ந்து இப்போது சூப்பர்வைசர். "கட்டிங் மாஸ்டர் சொல்ற துணிக் கணக்கு சரிதானான்னு நானே போட்டுப் பாக்கோணுங்க சார்." பெருந்துறைத் தம்பியை வீட்டில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். "சும்மா, கத்துக்கலாம்னுங்க" என்றார். எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை.

ஜூலை 3, வியாழன்

எந்தப் பாடத்திட்டத்தை எடுத்தாலும் முதல் நாள் ரோ, காலம், செல். நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற நாற்பது வயசு ஆளுக்கு அது ஆகாது. நான் நேராக டி-ஷர்ட் எடைக்குப் போய்விட்டேன். உடம்பு நீளம், கை நீளம், தையலுக்கு விடுகிற அலவன்ஸ் மூன்றையும் கூட்டு. அதை அலவன்ஸோடு சேர்ந்த நெஞ்சு அகலத்தால் பெருக்கு. முன்பக்கம், பின்பக்கம் என்பதால் இன்னொரு 2. அப்புறம் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது, அதாலும் பெருக்கு. எல்லாம் சென்டிமீட்டரில் இருப்பதால் கடைசியில் 10,000-ஆல் வகு. நீளம் மொத்தம் 100, அகலம் 55, ஜிஎஸ்எம் 160 என்றால் ஒரு பீஸ் 176 கிராம். வேஸ்டேஜ் தனி.

முக்கால்வாசிப் பேருக்குக் கையில் இருப்பது போன் மட்டும்தான். கீபோர்டில் சமக்குறி எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே நேரம் போனது. யாரும் சலித்துக்கொள்ளவில்லை, எண் அவர்களுடைய எண். அக்கா 160-ஐ அழித்துவிட்டு 180 போட்டார். 176 இருந்த இடத்தில் 198. "அட, தானா மாறுதுங்க சார்!" அதோடு விடவில்லை. ஆயிரம் பீசுக்கு 22 கிலோ துணி ஏறுகிறது என்று நான் வாய் திறப்பதற்குள் சொல்லிவிட்டார். செல் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வகுப்பைத் தவறவிட்டவர்களுக்கு முழு ரெக்கார்டிங்கை அனுப்புவதில்லை என்று வைத்திருக்கிறேன். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை ஆராய்ந்து ஃபிலிப் குவோ குழு 2014-இல் சொன்னது இது: வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிப் பேர் ஆறு நிமிஷத்துக்கு மேல் தாங்குவதில்லை. அது உட்கார்ந்து படிக்க வந்தவர்கள் கணக்கு. நம் ஆட்கள் டீ டைமில் பார்க்கிறவர்கள். ஒரு வீடியோவுக்கு ஒரு வேலை, நான்கு நிமிஷம், முடிந்தது.

ஜூலை 12, சனி

சம்பள நாள். வகுப்பு இல்லை, வைத்தாலும் ஒருத்தரும் வரமாட்டார்கள். திங்கள் காலை வரைக்கும் வீட்டுப்பாடம் கேட்பதும் கிடையாது.

கூடப் பாடம் நடத்துகிற நண்பர் ஒருவர், தினமும் குரூப்பில் தன்னம்பிக்கை வாசகம் போடச் சொன்னார். எனக்கு அதில் துளியும் நம்பிக்கையில்லை. சூரிய உதயப் படத்தைப் பார்த்து யாரும் ஃபார்முலா போட்டதாக நான் கேள்விப்படவில்லை. முதியோர் கல்வி பற்றி மால்கம் நோல்ஸ் எழுதியதில் எனக்கு உதவுவது இரண்டு விஷயம்: பெரியவர்களுக்கு இதை எதற்குப் படிக்கிறோம் என்று முதலில் தெரிய வேண்டும், அவர்கள் அனுபவம் பாடத்துக்குள் வர வேண்டும்.

பெருந்துறைத் தம்பி இரண்டு வகுப்பாக வரவில்லை. போன் போட்டேன். சோம்பல் எல்லாம் இல்லை, ஷிப்மென்ட் நெருக்கடி, விடியவிடிய பேக்கிங். அட்டைப்பெட்டி எண்ணிக்கையில் தினமும் சண்டையாம். "அந்த நோட்ட ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி" என்றேன். ராத்திரியே வந்துவிட்டது, எண்ணெய்க் கறையோடு. அவருக்கான பாடம் கிடைத்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

ஒவ்வொரு வகுப்பும் மூன்று கேள்வியோடு ஆரம்பம், நோட்டைப் பார்க்கக் கூடாது. உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் 2006-இல் செய்த பரிசோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து வைத்த தேர்வில் ஜெயித்தார்கள். தங்களையே சோதித்துப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் ஜெயித்தார்கள். எனக்கு வேண்டியது அந்த ஒரு வாரம்.

அண்ணனுக்குத்தான் முகம் சுண்டிவிட்டது. "பரீச்சைக்குப் பயந்துதானுங்க பத்தாவதோட நின்னேன்." அதனால் மார்க் கிடையாது, பதில் எனக்கு மட்டும் தனி மெசேஜில். இன்று முதல் பதிலே அவருடையது. தம்பி பெட்டிக் கணக்கு ஷீட்டைத் திரையில் காட்டினார். கவலை கொஞ்சம் குறைந்தது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. பவானிப் பக்கம் தேங்காய் சுடுகிற நோம்பி. அங்கிருந்து வருகிறவர் நேற்றே சொல்லிவிட்டார்: "ஒறம்பரை (விருந்தாளிங்க) வந்திருக்குதுங்க சார், நாளைக்கு விட்டுருங்க." வகுப்பை நாளைக்குத் தள்ளினேன். நோம்பிக்கு எதிராகப் பாடத்திட்டம் போடுகிறவர் திட்டம் மட்டும்தான் போடுவார்.

சாயங்காலம் அக்காவின் வாய்ஸ் மெசேஜ். மாஸ்டர் கணக்குக்கும் இவர் கணக்குக்கும் பீசுக்கு ஆறு கிராம் இடித்ததாம். ஆளைப் பிடித்துவிட்டோம் என்று நேரே போய்க் கேட்டிருக்கிறார். "அவரு சொன்னதுதான் சரிங்க சார். கழுத்து ரிப்பு நானு சேக்கவே இல்ல." ரிப், அதாவது கழுத்துப் பட்டித் துணி பற்றிய பாடத்தை மாதக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதை நாளைக்கே இழுத்துவிட்டேன். மாஸ்டரையும் பத்து நிமிஷம் வந்து வேஸ்டேஜ் பற்றிச் சொல்ல முடியுமா என்று அக்கா மூலம் கேட்டேன். வருகிறாராம். கேமரா போடோணுங்களா என்று மட்டும் கேட்டு அனுப்பியிருக்கிறார்.