சாட்சியமாகாத பேச்சு

பெற்றோரோ வேறு பாதுகாவலரோ உடன் இல்லாமல் இங்கிலாந்துக்கு வந்து புகலிடம் கேட்கும் பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரையும், அவர் எந்த நாட்டவராக இருந்தாலும், உள்ளூர்க் கவுன்சில் தன் பொறுப்பில் ஏற்று இருப்பிடம் தர வேண்டும் என்று 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது. சமூகப் பணியாளராகப் பல ஆண்டுகளாக நான் வேலை செய்வது இந்தப் பிரிவின் கீழ் வரும் பிள்ளைகளோடுதான். சூடான், எரித்திரியா, ஆப்கானிஸ்தான், ஈரான், வியட்நாம், அல்பேனியா என்று அவர்களின் ஊர்கள் வேறுவேறு. பெரும்பாலோர் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். பெண் பிள்ளைகள் மிகக் குறைவாகவே வருகிறார்கள். இந்த வேலையைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது, அப்பிள்ளைகள் கடந்து வந்த பாலைவனத்தையும் கடலையும் பற்றிய கதைகளை. அவற்றை நான் எழுதப்போவதில்லை. அவை அவர்களுக்கு உரியவை என்பது ஒரு காரணம். அந்தக் கதைகளை வலிந்து கேட்காமல் இருப்பதுதான் என் வேலையின் மையம் என்று நான் உறுதியாக நம்புவது இன்னொரு காரணம்.

ஒரு பிள்ளை இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள டோவரில் கரையிறங்கிய நேரத்திலிருந்து அவனைக் கேள்வி கேட்பவர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். முதலில் எல்லை அதிகாரிகள் பெயர், பிறந்த தேதி, நாடு, வந்த வழி ஆகியவற்றைக் கேட்கிறார்கள். அப்போது அவன் உடை காய்ந்திருந்தாலே அதிர்ஷ்டம். பிறகு கவுன்சிலின் பணியாளர். இருபது வேலைநாட்களுக்குள் முதல் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும்; அதே கால அளவுக்குள் பராமரிப்பைப் பற்றிய முதல் மறுஆய்வுக் கூட்டமும் நடக்க வேண்டும். அடுத்துக் கல்லூரி, அதற்கடுத்து அவனுடைய வழக்கறிஞரான சொலிசிட்டர். அவர் பல அமர்வுகளில் வாக்குமூலம் எழுதி வாங்குவார். கடைசியாக, புகலிடக் கோரிக்கையை முடிவுசெய்யும் உள்துறை அமைச்சகமான ஹோம் ஆபீஸின் முழு நேர்காணல், மணிக்கணக்கில். இதற்கிடையே, 2016இல் கவுன்சில்களின் விருப்பத்துக்கு விடப்பட்டுத் தொடங்கி 2021இன் இறுதியில் கட்டாயமாக்கப்பட்ட தேசிய இடமாற்றத் திட்டத்தின்படி அவன் டோவர் இருக்கும் கென்ட் மாவட்டத்திலிருந்து வேறொரு மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டால், அங்கே எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

கேட்பவர் ஒவ்வொருவருக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் பிள்ளையின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால், முன்பின் தெரியாத பெரியவர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், எல்லோரும் எழுதிக்கொள்கிறார்கள், எழுதியவை பின்னர் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. லிபியாவில் மூன்று மாதம் அடைபட்டுக் கிடந்ததாகக் கரையில் நடுங்கிக்கொண்டே சொன்னவன், வாக்குமூலத்தில் ஐந்து மாதம் என்று சொன்னால், அந்த வேறுபாடு அவன் நம்பத்தக்கவனா என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. அடியும் பசியும் அச்சமும் நிறைந்த நாட்களை மனித நினைவு தேதி வரிசையில் அடுக்கி வைப்பதில்லை. சில காட்சிகள் மிகத் துல்லியமாக நிற்கும், அவற்றுக்கு இடையிலுள்ள வாரங்கள் அழிந்துபோயிருக்கும். எந்நேரமும் தான் சொல்லும் சொல் தனக்கு எதிராகத் திரும்பலாம் என்று அறிந்துகொண்ட பிள்ளை, விரைவிலேயே எதையும் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறான். அதைச் சிலர் ஒத்துழையாமை என்று கோப்பில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது அறிவுள்ள பிள்ளை செய்யும் காரியமாகவே தோன்றுகிறது.

ஆகவே முதல் வாரங்களில் நான் பேசுவதெல்லாம் அன்றாடத்தைப் பற்றித்தான். சிம் அட்டை, சார்ஜர், குளிர்கோட்டு, காலுக்குச் சரியான அளவில் காலணி, எந்தப் பேருந்து எங்கே போகும், பள்ளிவாசலோ ஆர்த்தடாக்ஸ் தேவாலயமோ எங்கே இருக்கிறது, மருத்துவரிடம் பெயரைப் பதிவது எப்படி. எரித்திரியப் பிள்ளைகளில் பலர் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பை மிகுந்த கட்டுப்பாட்டோடு கடைப்பிடிப்பவர்கள். அந்த வாரங்களில் இறைச்சியும் பாலும் முட்டையும் இல்லாத உணவு வேண்டும் என்பதை வளர்ப்புக் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால், பிள்ளை தட்டைத் தள்ளிவைப்பது பிடிவாதமாகத் தெரியும். ஆப்கானியப் பையன்களிடம் பேச்சைத் தொடங்கக் கிரிக்கெட் போதும். மொழிபெயர்ப்பாளரே தேவையில்லை.

சூடானின் டார்ஃபூரிலிருந்து வந்த ஒரு பையனோடு காய்கறி வாங்கப் போனது நினைவில் நிற்கிறது. எங்கள் பகுதியில் வெண்டைக்காய் நன்றாகக் கிடைப்பது தமிழ்க் கடையில்தான். சூடானியச் சமையலில் வெண்டைக்காய்க்குப் பெரிய இடம் உண்டு. பச்சையாகவும் சமைப்பார்கள், உலர்த்திப் பொடித்தும் குழம்பில் சேர்ப்பார்கள். நான் வழக்கம்போல நுனியை ஒடித்துப் பார்த்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் சிறிது நேரம் பார்த்துவிட்டு, தன் அம்மாவும் இப்படித்தான் பார்ப்பார் என்று கையை அசைத்துக் காட்டிச் சொன்னான். அதுவரை குடும்பத்தைப் பற்றி எங்கும் அவன் வாய் திறந்ததில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மாவின் சமையலைப் பற்றிப் பேசினான். அவர் இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. அன்றைய பதிவில் காய்கறி வாங்கக் கற்றுக்கொண்டான் என்று மட்டும் எழுதினேன்.

இதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பிள்ளை தனக்கோ பிறருக்கோ ஆபத்து இருப்பதாகச் சொன்னால் அதை நான் பதிவு செய்தே ஆக வேண்டும். கடத்தல்காரருக்குக் கடன் பாக்கி இருக்கிறது, யாரோ ஓரிடத்தில் வேலைக்கு வரச் சொல்லி அழைக்கிறார்கள், உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றுகிறது போன்றவை அவ்வகை. இதை முதல் சந்திப்பிலேயே மொழிபெயர்ப்பாளர் மூலம் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எதை எழுதுவேன், எதை எழுதமாட்டேன் என்று தெரிந்த பிறகு பிள்ளைகள் பேசுவது கூடுகிறதே தவிரக் குறைவதில்லை என்பது என் அனுபவம்.

இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகள் விடியும்வரை விழித்திருந்துவிட்டுப் பகலில் தூங்குகிறார்கள் என்பது தங்குமிடப் பணியாளர்களிடமிருந்து அடிக்கடி வரும் புகார். கடத்தல்காரர்கள் இவர்களை எல்லை தாண்ட வைப்பது இருட்டில்தான். பகலில் பதுங்கிக் கிடந்து தூங்கிய உடல், அந்த ஒழுங்கை அறையும் கட்டிலும் கிடைத்தவுடன் விட்டுவிடாது. அதற்கு மேல் கெட்ட கனவுகள். மங்கலான இரவு விளக்கு, உள்ளிருந்து தாழிடக்கூடிய கதவு, பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்ற தகவல், மாலையில் சிறிது ஓட்டமோ பந்தாட்டமோ ஆகியவை பல நேரங்களில் மனநலச் சேவையின் காத்திருப்புப் பட்டியலைவிட விரைவாகப் பலன் தருகின்றன. மனநலச் சேவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கிடைக்கும்வரை பிள்ளை தூங்க வேண்டுமே.

ஹோம் ஆபீஸ் நேர்காணலுக்குப் பிள்ளையோடு பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும் என்பது விதி. அவர் பதில் சொல்ல முடியாது. ஆனால் இடைவேளை கேட்கலாம், கேள்வி புரியவில்லை என்று சுட்டிக்காட்டலாம், மொழி சரியில்லை என்று நிறுத்தலாம். இந்தக் கடைசி விஷயம் சிறியதல்ல. பஷ்தோ பேசும் ஆப்கானியப் பையனுக்கு அந்நாட்டின் இன்னொரு மொழியான தாரியின் மொழிபெயர்ப்பாளரும், சொரானி பேசும் குர்தியப் பிள்ளைக்கு, குர்தியின் வேறொரு வழக்கான குர்மாஞ்சி பேசுபவரும் வந்து உட்காருவது நடக்கிறது. பிள்ளை மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவான். பெரியவரிடம் புரியவில்லை என்று சொல்வது அவன் வளர்ந்த முறையில் இல்லை. தன்னைத் துரத்திய இனத்தவரோ ஆட்சியினரோ என்று அவன் அஞ்சும் ஒருவர் மொழிபெயர்ப்பாளராக வந்துவிட்டால் பேச்சே எழாது. அவன் முகத்தைப் பார்த்தே இதைக் கண்டுகொள்ள வேண்டுமானால், முன்பே அவனோடு காய்கறி வாங்கியிருக்க வேண்டும்.

வயதைப் பற்றிய சந்தேகத்தைப் போல ஒரு பிள்ளையை உலுக்குவது வேறொன்றும் இல்லை. ஆப்கானியத் தஸ்கிரா என்னும் அடையாளச் சான்றில் பெரும்பாலும் பிறந்த தேதி இருக்காது. சான்று எழுதிய ஆண்டில் தோற்றத்தை வைத்து இத்தனை வயது என்று குறித்திருப்பார்கள், அதுவும் மார்ச்சில் தொடங்கும் சூரிய ஹிஜ்ரி ஆண்டில். எத்தியோப்பிய நாட்காட்டியில் மாதங்கள் பதின்மூன்று. ஆண்டு எண் நம்முடையதிலிருந்து ஏழெட்டு ஆண்டு பின்தங்கி ஓடும். இந்தக் கணக்குகளை மாற்றும்போது தவறு நேர்ந்தால், அது பொய்யாகப் பார்க்கப்படும் வாய்ப்பு அதிகம். தேதியே தெரியாத பலருக்கு ஜனவரி 1 பிறந்தநாளாக எழுதப்படுவதால், புத்தாண்டன்று எங்கள் தங்குமிடங்களில் ஒரே நேரத்தில் பல பிறந்தநாள்கள் வரும். தோற்றத்தை மட்டும் வைத்து வயதை முடிவுசெய்யக் கூடாது, பிள்ளைக்குத் தன் தரப்பை விளக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று மெர்ட்டன் கவுன்சில் வழக்கில் 2003இல் வந்த தீர்ப்பே இன்றும் மதிப்பீட்டின் அடிப்படை. வயது என்பது கடைசியில் நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டிய உண்மை என்று குரோய்டன் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022ஆம் ஆண்டின் தேசியம் மற்றும் எல்லைகள் சட்டமோ எக்ஸ்ரே போன்ற முறைகளுக்கு வழி திறந்தது. எலும்பும் பல்லும் வளர்ச்சியைக் காட்டும், பிறந்த நாளைக் காட்டாது. கரையில் ஓர் அதிகாரி பெரியவன் என்று எழுதிவிட்டால், பதினாறு வயதுப் பையன் முன்பின் அறியாத ஆண்களோடு ஒரே அறையில் தங்க வேண்டியிருக்கும். பாதுகாப்புக்காகத்தான் வயதைச் சோதிக்கிறோம் என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

2021 ஜூலை முதல், கவுன்சில்களில் இடமில்லை என்ற காரணத்தால், தனியாக வந்த பிள்ளைகளை ஹோம் ஆபீஸ் நேரடியாக ஹோட்டல்களில் தங்கவைத்தது. அங்கிருந்து காணாமல் போனவர்களில் சுமார் 200 பேர் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று 2023 ஜனவரியில் அமைச்சர் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த நடைமுறை சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. எழுதும்போது இன்றும் எனக்குக் கை நடுங்கும் எண்ணிக்கை இது. ஒரு பிள்ளை இரவு வீடு திரும்பாவிட்டால் ஊரையே எழுப்பும் பெற்றோர் நமக்குத் தெரியும். இவர்களுக்கு அந்த இடத்தில் நின்றவர் யார்? 20ஆவது பிரிவின் கீழ் கவுன்சில் பராமரிப்பைத் தருகிறது, பெற்றோருக்குரிய சட்டப் பொறுப்பைப் பெறுவதில்லை. ஸ்காட்லாந்தில் தனியாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதுகாவலர் ஒருவர் கிடைக்கச் சட்டம் வழிசெய்கிறது. இங்கிலாந்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி இல்லை. சமூகப் பணியாளர் மாறுவார், தங்குமிடம் மாறும், சொலிசிட்டர் மாறுவார். தொடக்கம் முதல் கடைசிவரை மாறாத ஒரு பெரியவர் இங்கும் வேண்டும் என்பது, இந்த வேலையில் நான் கண்டறிந்த தேவைகளில் முதன்மையானது.

அம்மாவைத் தேட விரும்புகிறாயா என்ற கேள்வியையும் நான் அவசரப்பட்டுக் கேட்பதில்லை. பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடல் சேவை இருக்கிறது என்று சொல்லிவைப்பேன். தேடினால் ஊரிலிருப்பவர்களுக்கு ஆபத்து வரலாம் என்று சிலர் அஞ்சுகிறார்கள். கிடைக்கும் செய்தியைத் தாங்க இன்னும் தயாராக இல்லாதவர்களும் உண்டு. கிடைத்துவிட்டாலும் இன்னொரு கதவு மூடியிருக்கிறது. அகதியாக ஏற்கப்பட்ட பிள்ளை தன் பெற்றோரை இங்கே அழைத்துக்கொள்ளப் பிரிட்டனின் குடியேற்ற விதிகள் உரிமை தரவில்லை. பாதுகாப்புக் கிடைத்துவிட்டது என்ற கடிதத்தைப் படித்தவுடன் பல பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி அம்மா எப்போது வரலாம் என்பதுதான். அதற்கான பதிலைச் சொல்லும் பொறுப்பை நான் ஒருபோதும் மொழிபெயர்ப்பாளரிடம் தொலைபேசியில் விட்டதில்லை. நேரில் போய்ச் சொல்லிவிட்டு, அன்று மாலை அங்கேயே இருப்பேன்.

பதினெட்டு முடிந்ததும் கோப்பு வேறொரு ஆலோசகரிடம் போகிறது. பதினெட்டுக்கு முன் குறைந்தது பதின்மூன்று வாரங்கள் கவுன்சிலின் பராமரிப்பில் இருந்தவர்களுக்கு இருபத்தைந்து வயதுவரை உதவி தொடரலாம். அதற்குப் பிந்தி வந்தவனுக்கோ, வயதுச் சண்டையில் மாதங்களை இழந்தவனுக்கோ கிடைப்பது மிகக் குறைவு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மேல்முறையீடும் தோற்றவர்களின் நிலை இன்னும் மோசம்.

கோப்பைக் கைமாற்றும்போது பக்கம் பக்கமாகப் படிவங்களும் வாக்குமூலமும் போகும். அவற்றின் மேலே நானாக ஒரு தாளைச் சேர்க்கிறேன். பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு, அவன் ஒப்புக்கொள்பவற்றை மட்டும் அதில் எழுதுவோம். கடிதம் அனுப்பாதீர்கள், குரல் பதிவு அனுப்பினால் பதில் சொல்வான். காலைச் சந்திப்பு வேண்டாம், இரவில் இன்னும் சரியாகத் தூங்குவதில்லை. அறையில் கதவைப் பார்த்து உட்காரவே விரும்புவான். ஆங்கில வகுப்பில் இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டான், கோடையில் தேர்வு. குழாய்ப்பணி கற்க ஆசை, கணக்கு நன்றாக வரும். பயண விவரங்கள் சொலிசிட்டரிடம் உள்ளன, தயவுசெய்து அவனிடம் மீண்டும் கேட்காதீர்கள்.