நத்தைக்குப் போட்ட செம்பும் நம்முடைய தண்ணீரும்

கடந்த வாரம் களுவாஞ்சிக்குடியிலிருந்து தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணன், மீன்தொட்டிக்குள்ள நத்தை பெருகிட்டு, மயில்துத்தம் எவ்வளவு போடலாம்?" என்று கேட்டார். நான் அளவைச் சொல்லவில்லை. "தொட்டிக்கு என்ன தண்ணி விடுறீங்க தம்பி, கிணத்துத் தண்ணியா, மழைத் தண்ணியா?" என்றுதான் திருப்பிக் கேட்டேன். இதைக் கேட்கத் தெரியாதிருந்த காலத்தில் ஒரே இரவில் பத்தொன்பது கப்பி மீன்களை இழந்தவன் என்பதால், அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மயில்துத்தம் என்பது செப்புச் சல்பேற்று. அது நத்தையைக் கொல்லும் என்பதில் ஐயமில்லை. செம்பு அயன்கள் நத்தையின் ஈரமான மெல்லிய உடலில் சோடியம் உள்ளே சேர்வதைத் தடுத்து, உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்துவிடுகின்றன. பெரும்பாலான நத்தைகளின் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பதே செம்பு கலந்த ஈமோசயனின்தான் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. உடலுக்குள் மிகச் சிறிதளவில் உயிர் காக்கும் அதே உலோகம், வெளியே நீரில் கரைந்து நிற்கும்போது உயிரை எடுக்கிறது. ஆனால் நத்தைக்குச் செய்யும் வேலையையே அது மீனின் செவிளுக்குள் இருக்கும் பூக்களிலும் செய்கிறது என்பதையும், இரண்டையும் கொல்லும் அளவுகளுக்கு இடையே உள்ள தூரம் மிகக் குறுகியது என்பதையும் நான் கவனத்தில் எடுக்கவில்லை.

என்னுடைய தொட்டி மூன்றடி நீளமானது. மணலும் கல்லும் போக ஏறக்குறைய 90 லீற்றர் தண்ணீர் கொள்ளும். கடையில் வாங்கிய கொடிகளோடு ஒட்டி வந்த கூழ்போன்ற முட்டைகளிலிருந்து நத்தைகள் பெருகி, காலையில் விளக்கைப் போட்டால் கண்ணாடி முழுவதும் மிளகு தூவியதுபோல் தெரிந்தது. மீன் நோய்களுக்குக் கடல்நீர்த் தொட்டிகளில் லீற்றருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் வரை செம்பு பயன்படுத்துவார்கள் என்று படித்திருந்ததால், 0.2 என்பதையே எடுத்துக்கொண்டேன். செப்புச் சல்பேற்றுப் பளிங்கின் நிறையில் கால் பங்குதான் செம்பு. ஆகவே 90 லீற்றருக்குத் தேவைப்படும் 18 மில்லிகிராம் செம்புக்குச் சுமார் 70 மில்லிகிராம் பளிங்கு போதும். அது விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் சில துணுக்குகள் மட்டுமே. சமையலறைத் தராசு காட்டக்கூடிய மிகச் சிறிய அளவான ஒரு கிராமை அப்படியே போட்டால், லீற்றருக்கு 2.8 மில்லிகிராம் செம்பு ஆகிவிடும், அதாவது எண்ணியதைப் போலப் பதினான்கு மடங்கு. "ஒரு சிட்டிகை போடுங்க" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நான் தெரிந்தவரின் நகைக்கடைத் தராசில் சரியாக ஒரு கிராம் நிறுத்து, அதை ஒரு லீற்றர் வடித்த நீரில் கரைத்து, அந்த நீலக் கரைசலில் 70 மில்லிலீற்றரை மட்டும் அளந்து, மூன்று மணி நேரத்துக்குள் சிறிது சிறிதாக ஊற்றினேன்.

அது கச்சான் காற்று வீசும் மாதம். கல்லடியில் எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவு கட்டும். மூன்று நாட்களில் சுருள் ஓட்டு நத்தைகள் பெரும்பாலும் விழுந்துவிட்டன, மீன்களுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் மணலுக்குள் புதைந்து வாழும் கூம்பு ஓட்டு நத்தைகள், கடையில் மலேசியன் ட்ரம்பெட் என்று சொல்வார்களே, அவை ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு தப்பிவிட்டன. அவற்றில் ஒற்றைப் பெண் நத்தை ஆணின் துணையில்லாமலே குட்டி ஈனும் என்பதால், ஐந்தாறு தப்பினாலும் சில மாதங்களில் பழைய நிலை திரும்பிவிடும். நான்காம் நாள் தண்ணீர் கலங்கி நாறத் தொடங்கியது. செத்த நத்தைகள் ஓட்டுக்குள்ளேயே அழுகி அமோனியாவை ஏற்றியிருந்தன. குறட்டால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். பிஞ்சு நத்தைகளை எடுக்கவே முடியவில்லை.

மாரியில் நத்தைகள் மீண்டும் பெருகின. அப்போது வெள்ளத்தில் கிணறு கலங்கியிருந்ததால், பீலியில் விழுந்த மழைநீரைப் பரலில் பிடித்து, தொட்டித் தண்ணீரில் பாதிக்கு மேல் அதைக்கொண்டு மாற்றியிருந்தேன். அதே போத்தல், அதே கரைசல், அதே 70 மில்லிலீற்றர். இரவு பத்து மணிக்கு மீன்கள் செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. காற்று மோட்டர் நின்றுவிட்டதோ என்று அதைத்தான் பார்த்தேன். விடியும்போது பத்தொன்பது மிதந்தன. சந்தையில் செவிளைத் தூக்கிப் பூவின் நிறம் பார்த்து மீன் வாங்கும் பழக்கத்தில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். பூக்கள் சளி படிந்து வெளிறிக் கிடந்தன.

காரணத்தைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கடின நீரிலுள்ள காபனேற்றுகள் செம்பில் ஒரு பகுதியைப் பிணைத்துக்கொள்கின்றன, கல்சியம் பூக்களில் செம்பு ஒட்டுவதைத் தடுக்கிறது. மழைநீரில் இவை ஏறக்குறைய இல்லை. வளர்ப்புக் குளங்களில் செப்புச் சல்பேற்று இடுவோர் நீரின் மொத்தக் காரத்தன்மையை லீற்றருக்கு மில்லிகிராமில் அளந்து, அதை 100 ஆல் வகுத்து வரும் எண்ணையே லீற்றருக்கான செப்புச் சல்பேற்றின் மில்லிகிராம் அளவாகக் கொள்வார்கள். காரத்தன்மை 50க்குக் கீழே இருந்தால் இடவே மாட்டார்கள். அதோடு, முதல் முறை போட்ட செம்பும் எங்கும் போய்விடவில்லை. மணலிலும் அடிக்கசடிலும் படிந்திருந்து, மழைநீரால் அமிலத்தன்மை கூடியபோது மீண்டும் கரைந்திருக்கக்கூடும்.

அந்த மணலை நான் அகற்றிவிட்டேன். அதில் இனி இறால் வளர்க்கத் துணிய மாட்டேன், ஏனெனில் இறாலுக்கும் செம்பு கொடிய நஞ்சு. மாற்றிய தண்ணீரையும் வடிகானில் ஊற்றவில்லை. எங்கள் வடிகான்கள் வாவிக்குத்தான் போய்ச் சேருகின்றன. வாவியில் இறாலை நம்பி வாழ்கிற குடும்பங்கள் இருக்கின்றன.

தவறுதலாகச் செம்பு கூடிவிட்டால், உடனே பாதித் தண்ணீரை அதே கிணற்று நீரால் மாற்றி, வடிகட்டியில் புதிய அக்டிவேட்டட் காபன் கரியை இட வேண்டும். மீனின் நோய்க்குச் செம்பு மருந்து தேவைப்பட்டால், மணலும் கொடியும் இல்லாத தனித் தொட்டியில் அதைச் செய்யலாம். நத்தைக்காக வளர்ப்புத் தொட்டியில் செம்பு இடுவதை நான் அடியோடு நிறுத்திவிட்டேன்.

நத்தை பெருகுவது மிஞ்சிக் கிடக்கும் தீனியால்தான். தம்பியிடம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி போடுகிறார் என்று கேட்டேன். மூன்று தடவை, பிள்ளைகள் போடுவது வேறு என்றார். ஒரு தடவையாகக் குறைத்து, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடச் சொன்னேன். விளக்கை அணைத்த பின் வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்றைக் கரண்டியில் குத்தி அடியில் வைத்து, விடியுமுன் நத்தைகளோடு சேர்த்துத் தூக்கி எடுக்கவும் சொன்னேன். நேற்றுக் காலை அவர் அனுப்பிய படத்தில் வெள்ளரியின் பச்சை தெரியவில்லை; முதல் இரவில் நூற்றுப் பதினெட்டு, பிள்ளைகள் இருந்து எண்ணினார்களாம்.