தீர்ப்புக்குக் காத்திருந்த எட்டு மாதம்

எங்கள் தோட்டத்துக்குப் போகும் வண்டிப் பாதையைப் பக்கத்துக் காட்டுக்காரர் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார். அதற்காக முன்சீப் கோர்ட்டுக்குப் போனோம். சாட்சி, வாதம் எல்லாம் முடிந்து வழக்கைத் தீர்ப்புக்கு வைத்தார்கள். அப்புறம் எட்டு மாதம் ஓடியது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் காலையிலேயே போய் நிற்பேன். பெஞ்ச் கிளார்க் அடுத்த தேதியைச் சொல்வார்.

ஒருநாள் ராத்திரி பொறுக்க முடியாமல் நாலு பக்கத்துக்குப் புகார் எழுதினேன். அரசியலமைப்பின் 235-வது பிரிவுப்படி கீழ்க்கோர்ட்டு நீதிபதிகள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். அதனால் கலெக்டருக்கோ மந்திரிக்கோ எழுதாமல் உயர் நீதிமன்றப் பதிவாளருக்கே எழுதினேன்.

எங்கள் வக்கீல் வாங்கிப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து முதல் மூன்று பக்கத்திலும் குறுக்கே கோடு போட்டார். தாத்தா காலத்துப் பாகப் பத்திரம் பதிவாகவில்லை என்று நீதிபதி ஏற்க மறுத்ததைப் பற்றித்தான் அவ்வளவும் எழுதியிருந்தேன்.

"தம்பி, இது அவர் எடுத்த முடிவு. தப்புன்னா அப்பீல்ல சொல்லுவோம். புகார்ல இதெல்லாம் வரக்கூடாது."

"அப்ப அவரை யாரும் கேட்கவே முடியாதாங்க?"

"முன்னாடி இருந்த நீதிபதி உங்களுக்குத் தடை உத்தரவு கொடுத்தாரே, அன்னைக்கே எதிராளி அவர் மேல இப்படி ஒரு புகாரைப் போட்டுப் பயமுறுத்தியிருந்தா?"

என்னால் பதில் பேச முடியவில்லை. எதிராளிக்குப் பணமும் ஆள்பலமும் உண்டு. அந்த ஒரு உத்தரவை விட்டால் எனக்கு வேறு எதுவும் இல்லை. அதில் கையெழுத்துப் போட்டவர் யாருக்கும் பயப்படாமல் போட்டார் என்பதை அன்றைக்குத்தான் யோசித்துப் பார்த்தேன்.

நாலாவது பக்கம் தப்பியது. அதில் தாமதத்தைப் பற்றி மட்டும் எழுதியிருந்தேன். வாதம் முடிந்த 30 நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல முயல வேண்டும், தவிர்க்க முடியாத நிலையிலும் சாதாரணமாக 60 நாளைத் தாண்டக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-வது கட்டளை சொல்கிறது. வழக்கு விவரம் பார்க்கிற இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் எங்கள் வழக்கு எண்ணைப் போட்டு, 'தீர்ப்பு' என்று குறித்து ஒத்திவைத்த தேதிகளை எல்லாம் அச்சு எடுத்தேன். அடைமொழி ஒன்றுகூட இல்லாமல் தேதிகளை மட்டும் வரிசையாக எழுதினோம்.

பிரமாணப் பத்திரமும் இணைக்க வேண்டும். கீழமை நீதிபதிகள் மீதான புகாருக்குச் சத்தியப் பிரமாணமும் சரிபார்க்கத்தக்க ஆதாரமும் வேண்டும் என்று 2014-லேயே இந்தியத் தலைமை நீதிபதி வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறார். பொய் சொன்னால் வழக்கு நம் மேல் திரும்பும். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடும்போது ஒவ்வொரு தேதியையும் மறுபடி விரல் வைத்துச் சரிபார்த்தேன். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை வழக்குக் கட்டிலேயே வைத்துக்கொண்டேன். நீங்களும் அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. என் கடிதத்தால் வந்ததா, தானாக வந்ததா, தெரியாது. பாதை உண்டு என்றார் நீதிபதி, ஆனால் ஆறடி மட்டும். டிராக்டர் போகாது. வருத்தம்தான், ஆனாலும் இந்தத் தடவை நான் புகார் எழுத உட்காரவில்லை. 30 நாள் கெடுவுக்குள் மேல்முறையீடு போட்டோம். கோடு போட்ட அந்த மூன்று பக்கத்தையும் வக்கீல் பத்திரமாக வைத்திருந்தார். மனுவில் முதல் காரணமே பாகப் பத்திரம்தான்.