மருமகளின் எச்-இன்டெக்ஸ்

புவியியற்பியலில் ஆராய்ச்சி செய்யும் மருமகள் லீவில் திருகோணமலைக்கு வந்திருக்கிறாள். நேற்றுப் பின்னேரம் டச்பே கடற்கரையில் கச்சான் கொறித்தபடி போனைப் பார்த்தவள், "மாமா, எனக்கு எச்-இன்டெக்ஸ் ஆறுதான்" என்று முகத்தைச் சுளித்தாள்.

ஓர் ஆராய்ச்சியாளரின் கட்டுரைகளை எடைபோட, ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005 இல் கொண்டுவந்த கணக்கு அது. ஆறு கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது ஆறு தடவை, பிறர் மேற்கோள் காட்டியிருந்தால் ஆறு. சரி, ஒரே கட்டுரைக்கு ஆயிரம் மேற்கோள் வந்தால்? அப்போதும் அது ஒன்றாகத்தான் எண்ணப்படும், எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஒரே கட்டுரை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம். 1962 இல் இதே இந்து சமுத்திரத்தின் மேற்கே, கார்ல்ஸ்பெர்க் முகடு என்ற கடலடி மலைத்தொடருக்கு மேலே ஓவன் என்ற பிரித்தானியக் கப்பல் காந்தப்புலத்தை அளந்துகொண்டு போனது. அதை வைத்து வைன், மத்தியூஸ் என்ற இரண்டு புவியியற்பியலாளர்கள் 1963 இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதியது மூன்றே பக்கம்: முகட்டில் புதிதாகப் பிறக்கும் கடல்தரை இரண்டு பக்கமும் விலகிப் போக, பூமியின் காந்தம் காலத்துக்குக் காலம் வடக்கு தெற்காகத் தலைகீழானதெல்லாம் பாறையில் வரிவரியாகப் பதிந்து கிடக்கிறது. இதே யோசனையைக் கனடாக்காரர் மோர்லி அதே வருடம் எழுதி அனுப்ப, இரண்டு சஞ்சிகைகள் திருப்பி அனுப்பிவிட்டன. பாவம் மனுசன்! இப்போது மூவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

மருமகள் எழுதியதில் எனக்குப் பிடித்தது கொட்டியாரக் குடாவில் தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு பற்றியது. அதை இன்னும் ஒருவரும் மேற்கோள் காட்டவில்லையாம்.