குளிரில் உட்காரும் தியானமும் கொஞ்சம் பரிவும்

தியானம் செய்தால் வாழ்க்கைத் தரம் உயருமா என்று கேட்பவர்களிடம், எந்தத் தரம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகள் கொண்ட வினாத்தாள், கடந்த இரண்டு வார வாழ்க்கையை உடல், மனம், உறவு, சுற்றுச்சூழல் என்று பிரித்துப் பார்க்கிறது. வீடு, பணம், மருத்துவ வசதி, போக்குவரத்து எல்லாம் கடைசிப் பகுதியில் வரும். மண் சரிந்து குன்னூர் ரோடு அடைபட்டால், மூச்சைக் கவனித்து பஸ்ஸை வரவழைக்க முடியாது. தூக்கம், எரிச்சல், வீட்டில் பேசுகிற தொனி: பயிற்சி கைகொடுப்பது இங்கேதான்.

ஜான் கபட்-ஜின் 1979-ல் அமெரிக்காவில் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி, அதாவது இந்தக் கணத்தில் நடப்பதை விழிப்போடு கவனிக்கும் பயிற்சி, எட்டு வாரம். வீட்டில் தினமும் 45 நிமிடம் கேட்கும். புதிதாக ஆரம்பிப்பவருக்குப் பத்து நிமிடம் தாராளம். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் வெறும் தரையில் உட்காராதீர்கள். கம்பளியை நாலாக மடித்துப் போட்டு, இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி உட்காருங்கள். முழங்கால் வலி இருந்தால் நாற்காலி போதும், ஆனால் பாதம் தரையில் படியட்டும். காதை மூடிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. புகையே இல்லாமல் கனன்றாலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும்; அதற்கு வாசனை கிடையாது. தலைவலியையும் கிறுகிறுப்பையும் தியானம் கூடிவருவதாக எடுத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

வெளிவிடும் மூச்சுகளை ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், தலை சுற்றும். நாலாவது எண்ணுக்குள் மனசு பச்சைத்தேயிலை விலைக்கோ ஸ்கூல் ஃபீஸுக்கோ போயிருக்கும். போனது தெரிந்ததுமே, ‘உனக்கு இதுகூட வராதா’ என்று உள்ளே ஒரு திட்டு விழும். பலர் பயிற்சியை விடுவது மனம் அலைவதால் அல்ல, இந்தத் திட்டைத் தாங்க முடியாமல்தான். பரிவில்லாத கவனம் தன் குற்றங்களைக் கணக்கெடுக்கும் வேலையாகிவிடுகிறது. தன்பரிவை ஆராய்ந்த கிறிஸ்டின் நெஃப் அதில் மூன்று கூறுகளைச் சொல்கிறார்: தன்னிடம் கனிவு, இது எல்லா மனிதருக்கும் நேர்வதுதான் என்ற உணர்வு, வலியை ஊதிப் பெருக்காமல் பார்க்கும் விழிப்பு. செய்முறையில் இது சுலபம்: திட்டு விழுந்ததைக் கவனித்து, தோளைத் தளர்த்தி, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள்.

பிறர் மீதான பரிவுக்கு ஒரு வரிசை உண்டு. நினைத்தாலே முகம் மலரும் ஒருவர், அடுத்து மினி பஸ் கண்டக்டர் மாதிரி நெருக்கமில்லாத ஒருவர், கடைசியில்தான் பிணக்குள்ளவர். ‘நலமாக இருக்கட்டும், பயமின்றி இருக்கட்டும்’ என்று மனசுக்குள் சொன்னால் போதும். எடுத்த எடுப்பில் பங்காளிச் சண்டைக்காரரை நினைத்தால் பத்து நிமிடமும் வாக்குவாதத்தில் போய்விடும்.

மழைக்காலத்தில் இழுப்போடு தவிக்கும் பாட்டியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது ரொம்பத் தேவை. பாட்டியின் வலியை அப்படியே வாங்கிக்கொண்டால் பார்த்துக்கொள்பவர் ஓய்ந்துபோவார். பாதம் தரையில் படுவதை உணர்ந்து, ஒரு மூச்சை மெதுவாக விட்டு, பிறகு, “பாட்டி, சாய்ந்து உட்கார்றீங்களா?” என்று கேளுங்கள். இன்ஹேலரை மறக்க வேண்டாம்.

கண்ணை மூடினால் பழைய பயங்கரம் எழுந்து வருகிறதா? கண்ணைத் திறந்தே வைத்து, எழுந்து நடங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸின் எண் 14416, தமிழிலும் பேசலாம்.